மூன்றாவது தந்தியும் ஒரு துண்டு எலும்பும்

என் கிட்டாரின் மூன்றாவது தந்திக்கு மட்டும் என்மேல் ஏதோ பகை இருந்தது. மற்ற ஐந்தும் சொன்ன பேச்சைக் கேட்கும். இதுவோ, நான் உருகி ஒரு சுரத்தை வளைத்து இழுத்துவிட்டு விரலைத் தளர்த்தினால் பழைய இடத்துக்குத் திரும்பாது. பாட்டு ஒரு பக்கம் போகும், இது ஒரு பக்கம் போகும்.

மலேசியாவில் கோலா சிலாங்கூர் முதல் சபாக் பெர்ணம் வரை கல்யாணங்களில் வாசிக்கும் குழு எங்களுடையது. பகலில் எல்லாருக்கும் வேறு வேலை. எனக்கு செம்பனை எண்ணெய் ஆலையில். குழுவை நடத்துவது என் மனைவியின் தம்பி. கீபோர்டு வாசிப்பவன். அதற்குச் சுருதி சேர்க்கவே வேண்டாம் என்பதால் அவனுக்கு என் கஷ்டம் புரியாது. ஒரு விருந்தில் பெண்ணும் மாப்பிள்ளையும் மேடைக்கு நடந்து வரும்போது என் தந்தி காலை வாரிவிட்டது. முன்வரிசையில் ஒருவர் காதையே பொத்திக்கொண்டார். சாமான்களை வேனில் ஏற்றும்போது மைத்துனன் மெதுவாகச் சொன்னான்.

"மாமா, கோவிச்சிக்காதீங்க. ஆவணியில தஞ்சோங் காராங் கல்யாணம் இருக்கு. அங்கயும் இப்பிடி ஆச்சுன்னா கிட்டார் வர்ற எடத்த நானே கீபோர்டுல அடிச்சிக்கிறேன். நீங்க சவுண்டு பாத்துக்கங்க லா."

கோபித்துக்கொண்டேன். ஆலையில் நான் இல்லாவிட்டால் இன்னொருவன். மேடையில்தான் நான் நானாக இருக்கிறேன். அதையும் ஒரு பெட்டியிலிருந்து வரும் போலிச் சத்தத்துக்கு விட்டுக்கொடுப்பதா?

தந்திகளை மாற்றினேன். முறுக்காணிகளை மாற்றினேன். ஒன்றும் நடக்கவில்லை. இணையத்தில் தேடினால் எல்லாரிடமும் ஒரே பதில்: நட்டை மாற்று. கிட்டாரின் கழுத்து முடிந்து தலை தொடங்கும் இடத்தில், தந்திகள் உட்கார்ந்து போகப் பள்ளம் வெட்டிய ஒரு சின்னப் பட்டை இருக்கும். அதைத்தான் நட் என்பார்கள். என்னுடையது பிளாஸ்டிக். எலும்பில் செய்ததைப் போட்டால் சுருதி நிற்கும், நாதமும் கூடும் என்றார்கள். நாதம் கூடும் என்பதை நான் நம்பவில்லை. விரலை வைத்து அழுத்திவிட்டால், அதிர்வதெல்லாம் விரலுக்கு இந்தப் பக்கம்தான். நட்டுக்கு அங்கே வேலையே இல்லை. ஆனால் பயந்தவனுக்கு இதையெல்லாம் யோசிக்க எங்கே பொறுமை? வரவழைத்துவிட்டேன்.

பொட்டலத்தைப் பிரிக்கும்போது மனைவி பக்கத்தில் வந்து நின்றாள்.

"எலும்புன்னா என்னா எலும்புங்க?"

உறையில் இருந்ததைப் படித்தேன். "மாட்டு எலும்பு."

அவள் முகம் சுருங்கிவிட்டது. ஆயுத பூசைக்கு எங்கள் சாமி அறையில் கார் சாவி, அவளுடைய தையல் மிஷின், என் கிட்டார் எல்லாம் இருக்கும். கிட்டாருக்குச் சந்தனம் குழைத்துப் பொட்டு வைப்பது அவள்தான். கல்யாணமான வருடத்திலிருந்து அப்படித்தான்.

"மாட்டு எலும்போட அது சாமி ரூமுக்குள்ள வரக்கூடாது. சொல்லிட்டேன்."

"ஒன் தம்பி என்னைய மேடைய விட்டு எறக்கப் பாக்கிறான். நீ சாமி ரூமப் பத்திப் பேசிறியா?" என்று கத்திவிட்டேன். அதுவரை அவளிடம் அதைச் சொல்லியிருக்கவில்லை.

அவள் நாற்காலியில் உட்கார்ந்தாள். அந்த வெள்ளைத் துண்டை விரல் நுனியால் என் பக்கம் நகர்த்தினாள்.

"போட்டுருங்க," என்றாள். "சாமிகிட்ட நான் பேசிக்கிறேன்."

அவள் எனக்காக எதை விட்டுக்கொடுக்கிறாள் என்று எனக்குத் தெரியும். தந்திகளைத் தளர்த்தி ஒதுக்கினேன். பழைய நட்டின் நடுப் பள்ளத்தில் மஞ்சளாக ஏதோ இறுகிக் கிடந்தது. ஊசியால் கிளறினேன். பொடிப்பொடியாக உதிர்ந்தது. முகர்ந்து பார்த்தேன். சந்தனம்.

தலை என்று ஒன்று இருந்தால் அதற்கு நெற்றியும் இருக்க வேண்டும் என்பது அவள் கணக்கு. அந்தப் பட்டையைத்தான் நெற்றி என்று வைத்திருந்தாள். நட்டநடுவில், மூன்றாவது தந்தி போகும் இடத்தில், வருடா வருடம் பொட்டு. நான் துடைப்பதும் இல்லை. சாமிக்கு வைத்ததை யார் துடைப்பார்கள்? அது பள்ளத்தில் இறுகி, வளைத்த தந்தியைத் திரும்ப விடாமல் பிடித்துக்கொண்டிருந்தது.

அவளும் பார்த்துவிட்டாள். "இத்தன வருசமா நானா?" என்றாள்.

பள்ளத்தைச் சுத்தம் செய்து, தந்தி வழுக்கிப் போகப் பென்சில் முனையைத் தேய்த்து, பழைய பிளாஸ்டிக்கிலேயே தந்தியை மாட்டினேன். எலும்பு அதன் உறைக்கே திரும்பியது.

தஞ்சோங் காராங்கில் மூன்றாவது தந்தியை ஆசை தீர வளைத்தேன். ஒவ்வொரு முறையும் ஒழுங்காக வீடு திரும்பியது. முடிந்ததும் மைத்துனன் வந்து தோளைத் தட்டினான்.

"செம மாமா! என்னா பண்ணீங்க?"

சாப்பாட்டு மேசையில் இருந்த மனைவி தலையைக் குனிந்துகொண்டாள்.

"நட்டு மாத்தினேன்," என்றேன்.

அந்த வருட ஆயுத பூசையில் கார் சாவிக்கும் தையல் மிஷினுக்கும் பொட்டு வைத்துவிட்டு, கிட்டார் முன்னால் கிண்ணத்தோடு நின்றாள். விரலில் சந்தனம் காய்ந்துகொண்டிருந்தது. எங்கே வைப்பது என்று அவளுக்குத் தெரியவில்லை. நான் கிட்டாரைத் திருப்பி முதுகைக் காட்டினேன். அவள் தலையை ஆட்டி மறுத்துவிட்டு, என் இடது கையை இழுத்து, தந்தி பட்டுக் காய்த்துப்போன விரல்கள் ஒவ்வொன்றின் மேலும் பொட்டு வைத்தாள்.