இரண்டாம் பூசை

கடல் தாண்டி ஜொகூருக்குப் படிக்க வந்த முதல் ஞாயிற்றுக்கிழமை காலையில் நான் மீன் வெட்டிக்கொண்டிருந்தேன். கேட்பவர்களுக்கு இது ஒரு விஷயமாகவே தெரியாது. எங்கள் வீட்டில் இது கொலைக்குற்றத்துக்கு அடுத்தபடி.

தூத்துக்குடிக்குத் தெற்கே கடலோரத்தில் எங்கள் ஊர். ஊர் முழுக்க மீன்பிடிக்கிறவர்கள், ஊர் முழுக்க வேதக்காரர்கள். எங்களுக்குக் கோயில் என்றால் மாதா கோயில்தான். ஞாயிற்றுக்கிழமை ஒருவரும் கடலுக்குப் போவதில்லை. அப்பா அந்த விஷயத்தில் ஊரைவிட ஒரு படி மேல். அன்று வலையைக்கூடத் தொடமாட்டார். ஒருமுறை பத்து நாள் விடாமல் காற்றடித்து, வள்ளம் கரையிலேயே கிடந்து, சரியாக ஞாயிறன்று கடல் தெளிந்தது. இன்று ஒருநாள் போனால் என்ன என்று அம்மா வாய்விட்டே கேட்டுவிட்டாள். "இன்னைக்குக் கடலுக்கும் லீவு" என்று சொல்லிவிட்டு வெள்ளை வேட்டியோடு முதல் பூசைக்குக் கிளம்பினார் அப்பா.

இங்கே வந்து பார்த்தால் வார விடுமுறை வெள்ளியும் சனியும். ஞாயிறு, வாரத்தின் முதல் வேலை நாள். கிளம்புவதற்கு முன் பாடத்திட்டம், மழை, பஸ், சாப்பாடு என்று எல்லாவற்றையும் விசாரித்தேன். ஞாயிற்றுக்கிழமை உண்டா என்று கேட்கத் தோன்றவில்லை. யாருக்குத் தோன்றும்?

நான் படிக்க வந்தது உணவுப் பதப்படுத்தல். ஞாயிறு காலை ஒன்பதிலிருந்து பதினொன்று வரை ஆய்வுக்கூடம். முதல் பாடமே மீனின் புதுமையைக் கண்டறிவது எப்படி என்பது. வெள்ளைக் கோட்டும் கையுறையும் போட்டு, ஐஸில் கிடந்த கானாங்கெளுத்தியின் செவுளைத் தூக்கிப் பார்க்கச் சொன்னார் விரிவுரையாளர். நான் தொடாமலேயே கண்ணைப் பார்த்து இரண்டு நாள் மீன் என்றேன். அவர் மீன் பிடித்த தேதி எழுதிய அட்டையைப் புரட்டிப் பார்த்துவிட்டு என்னைப் பார்த்தார். வகுப்பே திரும்பியது. பெருமையாகத்தான் இருந்தது. அந்த நேரம் பார்த்துக் கோட்டுப் பையில் அலைபேசி அதிர்ந்தது. பத்து மணி. இங்கே பத்து என்றால் ஊரில் ஏழரை. முதல் பூசை முடிந்து, கோயில் வாசலில் நின்றபடி அப்பா கூப்பிடுகிறார். கையில் மீன், மனசில் ஞாயிற்றுக்கிழமை. நான் எடுக்கவில்லை.

வாரத்தில் மற்ற நாளெல்லாம் அப்பா கடலில் இருப்பார், இல்லாவிட்டால் தூக்கத்தில் இருப்பார். அம்மாவிடம் தினமும் பேசலாம். அப்பாவுக்கு ஞாயிறு ஒன்றுதான். அதனால் மதியம் நானே கூப்பிட்டேன். முதல் கேள்வியிலேயே அவர் எனக்குப் பொய் சொல்ல வழி செய்து கொடுத்துவிட்டார்.

"கோயில்ல இருந்தியா, பிள்ள?"

ஆமாப்பா என்றேன். இங்கே பூசை முடிய நேரமாகும் என்றும் சேர்த்துக்கொண்டேன். அப்படியென்றால் இனி மதியமே பேசலாம், ஆனாலும் கோயிலைவிட்டு வெளியே வந்ததும் ஒரு தடவை அடித்துவிட்டு வைத்துவிடுவேன், நீ எடுக்க வேண்டாம், அப்பா நினைக்கிறேன் என்று உனக்குத் தெரிந்தால் போதும் என்றார்.

ஞாயிறு பத்து மணிக்குப் பையில் அந்த அதிர்வு வருவதும், நான் எடுக்காமல் இருப்பதும் அப்படித்தான் வழக்கமானது. வாரம் முழுக்க அந்த ஐந்தாறு நொடிக்காகவே காத்திருந்தேன் என்று சொன்னால் மிகையில்லை.

நான் முழுப் பொய்யும் சொல்லவில்லை. தம்போய் என்ற இடத்தில் ஒரு வரிசை வீட்டில் மாடியறை எனக்கு. வீட்டுக்கார அக்கா காஹாங் பக்கம் எண்ணெய்ப்பனைத் தோட்டத்தில் பிறந்து வளர்ந்தவர், இங்கே ஒரு தொழிற்சாலையில் சூப்பர்வைசர், அவரும் வேதக்காரர். நான் ஞாயிற்றுக்கிழமையை நினைத்து மூக்கைச் சிந்துவதைப் பார்த்து அவருக்குச் சிரிப்பு. "நாங்க எல்லாம் சனிக்கிழமை சாயங்காலப் பூசைக்குத்தான் போவோம்லா. அதுவே ஞாயிறு பூசைதான். வாங்க, காடியில கூட்டிட்டுப் போறேன்" என்றார். சனிதோறும் அவர் காரில் போனேன். தமிழ்ப் பூசை, அதே பாட்டுகள், இழுத்துப் பாடுகிற விதம் மட்டும் வேறு. உலகம் முழுக்க அந்த வாரத்துக்கு ஒரே வேத வாசகம்தான் என்பது என்னைப் போன்ற பொய்க்காரிகளுக்கு எவ்வளவு வசதி. சனிக்கிழமைப் பிரசங்கத்தைச் சுடவைத்து ஞாயிறு மதியம் அப்பாவுக்குப் பரிமாறினேன். எங்க சாமியாரும் இதையேதான் வாசிச்சாரு என்று அவர் ஒவ்வொரு முறையும் புதிதாகச் சந்தோஷப்பட்டார். நான் அவசரமாகப் பேச்சை மழைக்கு மாற்றுவேன்.

உண்மையைச் சொல்லியிருக்கலாம். சொன்னால் அவர் திட்டமாட்டார் என்றும் தெரியும். ஆனால் கடலுக்கு ஒரு ஞாயிற்றைக்கூட விட்டுக்கொடுக்காத மனுஷரிடம், உங்கள் மகள் ஞாயிறு காலையில் மீன் வெட்டுகிறாள் என்று எந்த வாயால் சொல்வது? சிறுமியாக இருந்தபோது கோயிலில் ஆண்கள் பக்கம், தூணோரம், அப்பாவை ஒட்டித்தான் உட்காருவேன். முதன்முதலாக நற்கருணை, எங்கள் பேச்சில் புதுநன்மை, வாங்கியதும், இனிப் பெண்கள் பக்கம் போ என்று அம்மா இழுத்துக்கொண்டு போனாள். அன்று நான் பூசை முழுக்க உர்ரென்று தூணையே பார்த்துக்கொண்டிருந்தேன். அது ஐந்து அடி தூரம். அதற்கே அப்படி.

மற்றபடி நான் பழகிக்கொண்டேன். இனிக்கிற சம்பலுக்குப் பழகினேன். மூன்று மணியானால் கொட்டும் மழைக்குப் பழகினேன். பக்கத்து வரிசையில் இரும்பு அறுக்கும் பட்டறையின் சத்தத்தில் படிக்கப் பழகினேன். ஞாயிற்றுக்கிழமைக்குத்தான் பழகவில்லை. அன்று காலை பஸ்ஸில் எல்லோரும் அலுவலக அட்டை மாட்டிக்கொண்டு விறைப்பாக உட்கார்ந்திருப்பார்கள். ஊரில் அந்த நேரம் தெருவெல்லாம் ஆட்டுக்கறி வாசனை. அப்பா வள்ளத்து நிழலில் ஒரு வேலையும் செய்யாமல் உட்கார்ந்திருப்பார். ஒருவர் சும்மா இருப்பதைப் பார்க்க அவ்வளவு ஏங்குவேன் என்று நான் நினைத்ததே இல்லை.

குட்டு வெளிப்பட்டது இரண்டாவது பருவத்தில். அன்றும் மீன்தான். பத்து மணிக்கு அலைபேசி அதிர்ந்தது. விரிவுரையாளர் பக்கத்திலேயே நின்றதால், ஈரக் கையுறையோடு கோட்டுக்கு மேலேயே அழுத்தி நிறுத்தினேன். நிறுத்தியதாக நினைத்தேன். வகுப்பு முடிந்து எடுத்துப் பார்த்தால், அழைப்பு பதினொரு நிமிடம் ஓடியிருந்தது. பதினொரு நிமிடமும் அப்பா கோயில் வாசலில் நின்று கேட்டிருக்கிறார். கத்தி பலகையில் விழும் சத்தம், விரிவுரையாளரின் ஆங்கிலம், பக்கத்துப் பெண்ணோடு நான் சிரித்த சிரிப்பு, எல்லாம்.

அன்று மதியம் அவர் எதுவும் கேட்கவில்லை. சாப்பிட்டியா என்றார், மழையா என்றார். பிரசங்கம் என்ன என்று மட்டும் கேட்கவில்லை. அடுத்த ஞாயிறு பத்து மணிக்கு அலைபேசி அதிரவில்லை. அதற்கடுத்த ஞாயிறும் இல்லை. பன்னிரண்டுக்குக் கொஞ்சம் முன்னால் கூப்பிடுவார், எப்போதும்போல் பேசுவார், வைத்துவிடுவார். அந்தப் பத்து மணி மட்டும் போய்விட்டது. கோபத்தில்தான் நிறுத்திவிட்டார் என்று முடிவு கட்டினேன். கேட்கத் தைரியமில்லை. கோட்டுப் பையில் அலைபேசி சும்மா கிடக்கும். நான் செவுள்களைத் தூக்கித் தூக்கிப் பார்த்து மதிப்பெண் வாங்கினேன்.

இப்படியே மாதங்கள் போயின. பிறகு இந்த மாநிலத்தில் வார விடுமுறையைச் சனி, ஞாயிறு என்று மாற்றினார்கள். வீட்டுக்கார அக்காவுக்கு அது வெறும் செய்தி. நான் சமையலறையில் நின்று அழுதேன். அவர் எனக்கொரு தேநீர் கலந்து வைத்தார்.

முதல் ஞாயிறு விடுமுறையன்று தலைக்குக் குளித்து, காலைப் பூசைக்குப் போய்விட்டு வந்து, பத்து மணிக்கு அலைபேசியைக் கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். அடிக்காது என்று தெரிந்தும் உட்கார்ந்தேன். பத்தேகாலுக்குப் பொறுக்கமுடியாமல் நானே அடித்தேன். அம்மா எடுத்தாள்.

அப்பா இரண்டாம் பூசையில் இருக்கிறார், அலைபேசியை வீட்டில் வைத்துவிட்டுப் போயிருக்கிறார் என்றாள். ஏன், முதல் பூசைக்குப் போகவில்லையா என்று கேட்டேன்.

"அதுக்கும் போனாரு."

பிறகு அம்மா, யாரிடமோ அகப்பட்டுக்கொண்டவள் போலத் தயங்கித் தயங்கிச் சொன்னாள். அந்தப் பதினொரு நிமிடத்துக்குப் பிறகு அப்பா வீட்டுக்கு வந்து ஆட்டுக்கறிச் சோற்றைக்கூடத் தொடவில்லையாம். மாலையில் எழுந்து போய், ஜொகூரில் வேலைபார்த்துத் திரும்பிய ஒருவரைத் தேடிப்பிடித்து விசாரித்திருக்கிறார். திரும்பி வந்து அம்மாவிடம், பிள்ளைக்கு அங்கே ஞாயிற்றுக்கிழமையே கிடையாதாம் என்றாராம். அடுத்த வாரத்திலிருந்து இரண்டு பூசை. ஒன்று அவருக்கு, ஒன்று எனக்கு. அவளிடம் சொல்லாதே, தெரிந்தால் படிப்பில் மனசு நிற்காது என்று கட்டளை.

இரண்டாம் பூசை தொடங்குவது ஏழரைக்கு. இங்கே அப்போது பத்து மணி.

பன்னிரண்டுக்குக் கொஞ்சம் முன்னால் அப்பா கூப்பிட்டார். பொய் சொன்னதற்கு மன்னிப்புக் கேட்டேன். அதை விடு என்றார். விடுமுறை மாறிவிட்டதைச் சொன்னேன். அப்போ உனக்கும் ஞாயித்துக்கிழமை வந்துட்டு என்றார். இனி ஒரு பூசை போதும், பழையபடி பத்து மணிக்கு அடியுங்கள், நான் எடுப்பேன், எவ்வளவு நாளாக அதற்குக் காத்திருக்கிறேன் தெரியுமா என்று கேட்டுவிட்டேன். வெட்கமில்லாமல் கேட்டேன்.

"அடிக்கலாம் பிள்ள. ஆனா அந்தத் தூணோரம், சின்னதுல நீ இருப்பல்ல, அங்கனதான் ரெண்டாம் பூசைக்கு இருக்கேன். பக்கத்துல யாரையும் இருக்க விடமாட்டேன். நீ இருக்க மாதிரியே இருக்கு. அத மட்டும் விடச் சொல்லாத."

நான் சொல்லவில்லை. எனக்கு இப்போது ஞாயிற்றுக்கிழமை இருக்கிறது. பத்து மணியானால் எனக்குத் தெரியும், அப்பாவின் பக்கத்தில் எனக்கு ஓர் இடம் காலியாக இருக்கிறது, நான் இங்கே தம்போயில் இருக்கிறேன். அலைபேசியை மேசைமேல் வைத்துவிட்டு, ஒரு வேலையும் செய்யாமல் உட்கார்ந்திருக்கிறேன். பதினொன்றே முக்காலுக்கு அடிக்கும்.