கடைசிப் பத்தியை எழுதியவன்

என்னைவிட நல்ல சட்டை போட்டவனைப் பார்த்து நான் பொறாமைப்பட்டதில்லை. எனக்கு முன்னால் பதவி உயர்வு வாங்கியவனைப் பார்த்தும் இல்லை. ஒரே ஒருவனைப் பார்த்துத்தான் வயிறு எரிந்திருக்கிறது. அவன் என் அறைத் தோழன். செய்தித்தாளில் சினிமாப் பக்கத்தைத் தவிர வேறெதையும் படிக்காதவன். எரிச்சலுக்குக் காரணமே அதுதான்.

தொண்ணூறுகளின் கடைசி வருஷங்கள். நாங்கள் இருவரும் பீன்யா தொழிற்பேட்டையில் ஒரு பட்டறையில் இருந்தோம். புஷ் என்று சொல்வார்களே, அந்தச் சின்ன இரும்பு வளையங்களை அவன் லேத்தில் கடைவான், நான் சோதிப்பேன். கேஜ் என்ற அளவுக் கட்டையை வளையத்துக்குள் விட்டுப் பார்க்க வேண்டும். சரியாக நுழைந்தால் பாஸ், இல்லாவிட்டால் ரிஜெக்ட். எட்டு மணி நேரமும் இதே கூத்துதான். நான் வாணியம்பாடிக்காரன், அவன் கோலார் தங்கவயல். மாதத்தில் இரண்டு சனிக்கிழமை ரயிலேறி ஊருக்குப் போவான். மற்ற ஞாயிறுகளில் மதியம்வரை குப்புறப்படுத்துத் தூங்குவான்.

எனக்கு ஞாயிறு என்றால் ரிச்சர்ட்ஸ் டவுன். அங்கே ஓர் அக்காவின் வீட்டு முன்னறையில் எங்கள் இலக்கிய வட்டம் கூடும். அக்கா வங்கியில் வேலை பார்த்தார். ஒரு சின்னப் பத்திரிகையும் நடத்தினார். மூன்று மாதத்துக்கு ஒருமுறை வரும், வராமலும் இருக்கும். அதற்குப் பிழை திருத்துகிறவன் நான். நாலு வருஷமாக அடுத்தவன் எழுத்தில் ஒற்றுப் போட்டுக்கொண்டே இருந்தேனே தவிர, என் எழுத்து ஒரு வரி அதில் வந்ததில்லை. அக்கா என் கட்டுரையை வாங்கிப் படித்துவிட்டு, "நல்லா உழைச்சிருக்கீங்க தம்பி" என்பார். அதைவிடக் கன்னத்தில் ஓர் அறை விட்டிருக்கலாம்.

அந்த வருஷம் எனக்கு அபத்தம் பிடித்துக்கொண்டது. உலகத்துக்கு அர்த்தம் ஏதும் இல்லை, மனிதனுக்கோ அது இல்லாமல் தீராது, இந்த இரண்டுக்கும் நடுவே அவன் மாட்டிக்கொண்டிருக்கிறான் என்று மேல்நாட்டுக்காரர்கள் எழுதியிருந்தார்கள். அகராதியை மடியில் வைத்துக்கொண்டு ஒரு வருஷம் மண்டையை உடைத்துக்கொண்டேன். பதினாலு பக்கக் கட்டுரை தயாரானது. இது முதல் பக்கத்துக்கே போகும் என்று எனக்கு அப்படியொரு நிச்சயம். வாசிக்கும்போது கை தட்ட நம் ஆள் ஒருவன் இருக்கட்டுமே என்று அவனை எழுப்பி, குளிக்க வைத்து, பஸ்ஸில் கூட்டிப்போனேன். நானே போட்டுக்கொண்ட சூடு.

முக்கால் மணி நேரம் வாசித்தேன். ஒருவர் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தார். ஒருவர் தூங்கிவிட்டார். முடித்ததும் அக்கா மரியாதைக்காக அவனைப் பார்த்து, "நீங்களும் ஏதாவது சொல்லுங்களேன் தம்பி" என்றார்.

அவன் பிஸ்கட்டைக் கீழே வைத்தான். "எனக்கு இதெல்லாம் தெரியாதுங்க. இவரு படிச்சப்போ எங்க நைனா ஞாபகம் வந்துச்சு. மைன்ஸ்ல பம்பு ஓட்டறாரு. அவரு இருக்கற ஷாஃப்ட்ல, அந்தச் சொரங்கக் குழியில, தங்கம் எடுக்கறத எப்பவோ நிறுத்திட்டாங்க. பம்பு மட்டும் ஓடும். கீழ ஊறற தண்ணிய மேல கொண்டாந்து விடுவாரு. அது ஓடையில ஓடி, மண்ணுல எறங்கி, திரும்ப அங்கயே வரும். மறுபடி எடுப்பாரு. சின்ன வயசுல கேட்டிருக்கேன், இன்னாத்துக்கு நைனா இதுன்னு. நிறுத்தினா தண்ணி ஏறிடும்லடா அப்படின்னாரு. முப்பது வருஷம். ஒருநாள் லேட்டா போனதில்ல. அவ்ளோதாங்க."

தூங்கியவர் எழுந்து உட்கார்ந்திருந்தார். கண்ணாடிக்காரர், "என்ன கற்பனைங்க!" என்றார். எல்லாரும் தலையாட்டினார்கள். அதை அவன் அங்கேயே புனைந்த கதை என்று அத்தனை பேரும் நினைத்துவிட்டார்கள். எங்களைப் போல் படித்த முட்டாள்களால்தான் அது முடியும்.

"கற்பனையா? எங்க நைனாங்க அவரு. இப்ப மத்தியான ஷிப்டுல இருப்பாரு" என்று அவன் சிரித்தான்.

அக்கா, "இப்ப சொன்னதை அப்படியே எழுதிக் குடுங்க தம்பி. முதல் பக்கத்துல போடறேன்" என்றார். பிறகு என் பக்கம் திரும்பி, "உங்களோடது கொஞ்சம் நீளம். அடுத்த இதழ்ல பாக்கலாமே?" என்றார்.

பஸ்ஸில் நான் அவனோடு பேசவில்லை. அவன் ஜன்னலோரமாக உட்கார்ந்து வழியெல்லாம் விசிலடித்துக்கொண்டு வந்தான். பாவி, ஒரு வருஷம் நான் எதைத் தேடி அலைந்தேனோ அது இவன் வீட்டில் சாப்பாட்டுத் தூக்கோடு ஷிப்டுக்குப் போய் வந்துகொண்டிருந்திருக்கிறது!

இரண்டு நாளில் எழுதிவிட்டான். ஒன்றரைப் பக்கம், ஒற்றுப்பிழை நாற்பதுக்குக் குறையாது. "பாத்து சரி பண்ணிடுப்பா" என்று என்னிடமே நீட்டினான். பிழைகளைத் திருத்தினேன். 'நிறுத்தினால் தண்ணீர் ஏறிவிடும்' என்பதோடு கதை நின்றது. அச்சுப் பக்கத்தின் அடியில் கொஞ்சம் வெள்ளை இடம் மிச்சம் இருந்தது. சிவாஜிநகரில் பத்திரிகையைக் கணினியில் அச்சுக்கோக்கும் கடையில் நின்றுகொண்டு, என் பதினாலு பக்கத்திலிருந்து மூன்று வாக்கியங்களை உருவிக் கடைசியில் சேர்க்கச் சொன்னேன்: 'இவ்வாறு அம்மனிதர் வெறுமையை வெறுமையால் இறைத்துக்கொண்டிருந்தார். அவர் உழைப்புக்குப் பொருள் ஏதும் இல்லை. அதை அவர் அறிந்திருக்கவும் இல்லை.'

கதைக்கு முடிவு வேண்டாமா என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். பொய். அவன் பெயருக்குக் கீழேயாவது என் வரி முதல் பக்கத்தில் ஏறட்டும் என்ற வெறிதான். கதை கொஞ்சம் கெட்டாலும் கெடட்டுமே என்ற நினைப்பும் உள்ளே இருந்தது.

இதழ் வந்தது. அக்கா புரட்டிப் பார்த்துவிட்டு, "எல்லாம் பிரமாதம். கடைசிப் பத்தி மட்டும் யாரோ வெளியாள் வந்து பிரசங்கம் பண்ணிட்டுப் போன மாதிரி இருக்கு" என்றார். அவன் கதையைப் பற்றி அக்கா சொன்ன ஒரே குறை. நான் டீயை ஊதிக் குடித்துக்கொண்டிருந்தேன்.

அவன் பிரித்துக்கூடப் பார்க்காமல் ஐந்து பிரதிகளைப் பையில் போட்டுக்கொண்டு அந்தச் சனிக்கிழமையே ஊருக்குப் போனான். திங்கட்கிழமை காலை ரயிலிலிருந்து நேராகப் பட்டறைக்கு வந்தான். டீ நேரத்தில் என் மேசைக்கு எதிரே ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தான்.

"எங்க லைன் வீடுங்க நடுவுல ஒரு படிப்பகம் இருக்குப்பா. ஷிப்டு முடிஞ்சு வந்து உக்காருவாங்க. நைனாதான் பேப்பர சத்தமாப் படிப்பாரு, மத்தவங்க கேப்பாங்க. நேத்து நம்ம புஸ்தகத்தப் படிச்சாரு. என் பையன் எழுதினதுன்னு சொல்லிட்டு, எழுந்து நின்னு படிச்சாரு. முப்பது நாப்பது பேரு. சிரிக்கறானுங்க, கை தட்டறானுங்க. கடைசிப் பத்திக்கு வந்தாரு."

என் கையில் இருந்த கேஜ் ஈரமாகிவிட்டது.

"அதையும் படிச்சாரு. நடுவுல நிறுத்தல. குரலு மட்டும் எறங்கிடுச்சு. முடிச்சுட்டு மடிச்சு வெச்சுட்டாரு. வீட்டுக்கு வர்ற வழியில, இது நீ எழுதினதாடான்னு கேட்டாரு. ஆமான்னுட்டேன்."

"ஏன்? நான்தான்னு..." என்று ஆரம்பித்தேன்.

"உன் பேரச் சொல்லியிருந்தா, ஊரு பேரு தெரியாத எவனோ தன் பொழப்ப வீணுன்னுட்டான்னு மனசு ஒடைஞ்சுடுவாரு. பையன் சொன்னா பொறுத்துக்குவாரு." டீயை ஒரு மடக்கு குடித்தான். "நீ நாலு எழுத்து படிச்சவன், நீ எழுதினா சரியாத்தான் இருக்கும்டான்னு சொன்னாருப்பா."

"இன்னிக்கு ஷிப்டுக்குப் போனாரா?" என்றேன்.

"போகாம? நிறுத்தினா தண்ணி ஏறிடும்ல" என்று சொல்லிவிட்டு, டீ கிளாஸைக் கழுவிக் கவிழ்த்துவிட்டு லேத்துக்குப் போனான். அன்று அவன் கடைந்ததில் ஒரு புஷ்கூட ரிஜெக்ட் ஆகவில்லை. ஒன்றாவது ஆகாதா என்று தேடித் தேடிப் பார்த்தவன் நான்தான்.

அதற்குப் பிறகு நான் அக்கா வீட்டுக்குப் போகவில்லை. அவனும் எதையும் எழுதவில்லை. இரண்டு மூன்று வருஷத்தில் மைன்ஸை மூடினார்கள், பம்புகளும் நின்றன. தண்ணீர் ஏறிவிட்டது, நைனா சொன்னபடியே. அவர் இறந்த செய்தியை அவன் போனில் சொன்னபோது, இப்போதாவது கேட்டுவிட வேண்டும் என்று வாயெடுத்தேன்.

இன்றுவரை மன்னிப்புக் கேட்கவில்லை. கேட்டால், "அட விடுப்பா" என்று சிரித்துவிட்டு நிஜமாகவே விட்டுவிடுவான். அப்படி விட்டுவிடுவது எனக்கு வராத காரியம். அதற்கும் என் வயிறு எரியும்.