மதினி கேட்டு வாங்கிய ஸ்பீக்கர்

மதுரையில் அந்த ஆடியோ கடைக்காரர் எங்களுக்கு முதலில் போட்டுக் காட்டியது ஓர் இடிச் சத்தம். அடுத்து கண்ணாடி உடைந்தது, அப்புறம் தலைக்கு மேலே ஒரு ஹெலிகாப்டர் பறந்தது. சுவரெல்லாம் மெத்தை ஒட்டிய அந்தக் குளிரூட்டிய அறையில் அண்ணன் வாயைப் பிளந்துகொண்டு உட்கார்ந்திருந்தார். கடைக்காரரும் "பேஸ் எப்படி சார்?" என்று அவரிடமே கேட்டுக்கொண்டிருந்தார். மதினி கைப்பையிலிருந்து ஒரு பென்டிரைவை எடுத்து நீட்டினார். "இடி எங்க ஊர்லயே நல்லாக் கேக்கும் தம்பி. இதுல நாகசுரம் இருக்கு, அதப் போடுங்க. வாங்கப் போறது நான்தான்." கடைக்காரர் அப்போதுதான் அவர் பக்கம் திரும்பினார். காரைக்குடியிலிருந்து வண்டி ஓட்டிக்கொண்டு போன கொழுந்தன் நான். கடைக்காரர் முகம் போன போக்கைப் பார்த்து எனக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை.

மதினி பள்ளத்தூரில் ஒரு பெண்கள் பள்ளியில் வேதியியல் ஆசிரியையாக இருந்து ஓய்வு பெற்றவர். பிறந்தது நாட்டரசன்கோட்டையில். கோயிலுக்குப் பக்கத்துத் தெருவில் வளர்ந்ததால் நாகசுரத்தை மேளக்காரர் பக்கத்திலேயே நின்று கேட்டுப் பழகிய காது. எங்கள் வீட்டுக்கு வாழ்க்கைப்பட்டு வந்தபின் அந்தக் காதுக்குக் கிடைத்ததெல்லாம் அடுப்படி அலமாரியில் ஒரு டிரான்சிஸ்டர், பிற்பாடு மகன் வாங்கி அனுப்பிய ஒரு சின்ன மியூசிக் சிஸ்டம், அவ்வளவுதான். ஹாலில் அண்ணனின் டிவி ஓடும். ஹாலுக்கு என்ன நிறம் அடிப்பது என்று முடிவு செய்தது எங்கள் அக்கா. மதினிக்குத் தலைமை ஆசிரியை வேலை வெளியூரில் கிடைத்தபோது வீட்டைப் பார்க்க ஆளில்லை என்று அதையும் வேண்டாமென்று எழுதிக் கொடுத்தார். இதையெல்லாம் ஒரு குறையாக அவர் சொல்லி நான் கேட்டதில்லை. சிரித்த முகமாகவே விட்டுக்கொடுத்தார், நாங்களும் சிரித்த முகமாகவே வாங்கிக்கொண்டோம்.

ஓய்வு பெற்ற கையோடு, "வந்த பணத்துல ஒரு பங்கு என் காதுக்கு" என்று அறிவித்தார். நல்ல ஆம்ப்ளிஃபயர், நல்ல ஸ்பீக்கர், உட்கார்ந்து கேட்கப் போகிறாராம். வாய்வார்த்தைக்கு எல்லோரும் சரி என்றோம். ஆனால் எனக்கு உள்ளுக்குள் ஒரு கவலை. கடைசி நேரத்தில் அண்ணனுக்குத் தோதானதை, ஹாலுக்கு அடக்கமானதை, யாரும் முகம் சுளிக்காததை வாங்கிக்கொண்டு வந்துவிடுவாரோ என்று. இந்த ஒன்றையாவது அவர் தனக்கென்று வாங்க வேண்டும் என்று நான் ஆசைப்பட்டேன். ஸ்பீக்கரைப் பற்றி எனக்கு ஒன்றும் தெரியாது, ஆசை மட்டும் நிறைய இருந்தது.

அன்று அந்த அறையில் மதினி நடத்தியது பக்கா ஆய்வகத் தேர்வு. முதலில் ஒரே ஜோடி ஸ்பீக்கரில் ஆம்ப்ளிஃபயரை மட்டும் மாற்றி மாற்றிக் கேட்டார். ஆம்ப்ளிஃபயர் முடிவானபின் அதை வைத்துக்கொண்டு ஸ்பீக்கரை மட்டும் மாற்றச் சொன்னார். ரெண்டையும் சேர்த்து மாற்றினால் எது எதைச் செய்தது என்று எப்படித் தெரியும் என்றார். விலை கூடிய ஆம்ப்ளிஃபயரை இணைத்தபோது கடைக்காரர் சத்தத்தையும் ஒரு சிட்டிகை கூட்டி வைத்தார். கடை என்றால் அப்படித்தான், கொஞ்சம் சத்தம் கூடினாலே நம் காதுக்கு நல்லதாகப் படும். மதினி மடியிலிருந்த போனில் ஒலியை அளக்கிற செயலியைத் திறந்து வைத்திருந்தார். "பழைய அளவுக்கே கொண்டு வாங்க தம்பி. போட்டின்னா எல்லாரும் ஒரே கோட்டுலதான நிக்கணும்?" கடைக்காரர் நல்ல மனிதர், சிரித்துக்கொண்டே குறைத்தார். அதன்பின் அவருக்கே இதில் ஒரு சுவாரசியம் வந்துவிட்டது. சொல்லாமலே அளவைச் சரிபார்த்து வைத்தார், யார் வந்து கதவைத் தட்டினாலும் அப்புறம் வாங்க என்றார்.

கண்ணாடிக் குழாய்கள் செக்கச்செவேலென்று எரிகிற வால்வு ஆம்ப்ளிஃபயர் ஒன்றும் இருந்தது. பார்க்க அழகு. அதில் வீணை தேனாக இருக்கிறது, தவில்தான் நொய்ந்துபோகிறது என்று மதினி ஒதுக்கிவிட்டார். அடக்கமான ஒரு கறுப்புப் பெட்டி தேறியது. ஸ்பீக்கர்களில், மேசைமேல் வைக்கிற சின்ன ஜோடி ஒன்று எங்களுக்குப் பிடித்திருந்தது. கடைசியாக, தரையில் நிற்கிற பெரிய ஜோடியை இணைத்தார் கடைக்காரர். நாகசுரம் ஒரு நீண்ட இழுப்பு இழுத்து நின்றது. அடுத்ததை எடுப்பதற்கு முன்னால் வாசிப்பவர் மூச்சை உள்ளே இழுத்தார். எனக்கே கேட்டது. மதினி கண்ணாடியைக் கழற்றிப் புடவைத் தலைப்பில் துடைத்துக்கொண்டார். திரும்ப அந்த இடத்தைப் போடச் சொன்னார்.

"நம்ம ஹாலுக்கு இது யானையக் கொண்டுவந்து கட்டுன மாதிரி இருக்கும். சின்னதே அமர்க்களமா இருக்கு" என்று அண்ணன் ஆரம்பித்தார். விலையும் அவரைப் பயமுறுத்தியது. கடைக்காரர் நடுவில் புகுந்து, சின்ன ஜோடியையும் ஆம்ப்ளிஃபயரையும் வீட்டில் வைத்துக் கேட்டுப் பாருங்கள், பிடிக்காவிட்டால் அலுங்காமல் திருப்பிக் கொடுங்கள் என்றார். மதினி தலையாட்டினார். எனக்குச் சப்பென்று போய்விட்டது. வண்டியின் பின்சீட்டில் அந்தப் பெட்டிகளுக்கு நடுவில் அவர் ஒடுங்கி உட்கார்ந்து வந்ததைக் கண்ணாடியில் பார்த்துக்கொண்டே ஓட்டினேன்.

வீட்டில் அவர் பாட்டை விடாமல் போட்டுக் கேட்டார். எங்கள் ஹால் ஆத்தங்குடிக் கல் பதித்த தரை, கையைத் தட்டினால் நாலு பக்கமும் எதிரொலிக்கும். தரையில் ஜமுக்காளம் விரித்தார், எதிர்ச்சுவரில் ஒரு ரத்தினக் கம்பளத்தைத் தொங்கவிட்டார், ஸ்பீக்கர்களை அங்குட்டு ஒரு சாண், இங்குட்டு ஒரு சாண் நகர்த்திப் பார்த்தார். பாட்டு நன்றாகத்தான் இருந்தது. அந்த மூச்சு மட்டும் வரவில்லை.

இந்தச் சமயத்தில்தான் வெள்ளிக்கிழமையும் அதுவுமாக ஒக்கூரிலிருந்து அக்கா வந்து இறங்கினார். எங்கள் எல்லோருக்கும் மூத்தவர், மதினிக்கு நாத்தனார், அண்ணன் வீட்டில் எந்த நல்லது நடந்தாலும் அவர் கைதான் முன்னால் நிற்கும். மதினி சந்தைக்குப் போயிருந்தார். ஹாலில் புத்தம்புதுப் பெட்டிகள் வெறுமனே நிற்பதை அக்கா பார்த்தார். நேராகச் சாமி அறைக்குப் போய், பன்னீரில் சந்தனத்தைக் குழைத்து எடுத்துவந்து, ரெண்டு ஸ்பீக்கருக்கும் நெற்றி எங்கேயிருக்கும் என்று மனதால் அளந்து, முன்பக்கக் கறுப்புத் துணியில் தாராளமாகச் சந்தனம் அப்பி அதன்மேல் குங்குமம் வைத்தார். ஆம்ப்ளிஃபயர் தலையில் ஒரு முழம் மல்லிகை. நான் உள்ளே நுழைந்தபோது கற்பூரம் காட்டிக்கொண்டிருந்தார்.

பிரிட்ஜ் வந்தாலும் பைக் வந்தாலும் எங்கள் பக்கத்தில் முதல் வேலை இதுதான். இரவல் சாமானுக்குப் பொட்டு வைத்த கதை மட்டும் அதற்குமுன் நான் கேள்விப்பட்டதில்லை. மதினி கூடையோடு வந்து பார்த்தார். முதலில் மல்லிகையை எடுத்தார், உள்ளே சூடாகுமே என்று. சந்தனம் துணிக்குள் நன்றாக ஊறியிருந்தது.

"என்னத்தா, புதுச் சாமான வெறும் நெத்தியா நிறுத்தி வச்சிருக்க? நீயெல்லாம் டீச்சரு!" என்றார் அக்கா பெருமையாக.

விஷயத்தைச் சொன்னதும் அக்காவின் முகம் மாறியது. "பொட்டு வச்ச பொருள வாசல் தாண்டி அனுப்பக் கூடாதுத்தா. வந்த லச்சுமியப் போகச் சொல்லுவாகளா?" அண்ணனுக்கு இது பழம் நழுவிப் பாலில் விழுந்த மாதிரி. அக்கா சொன்னால் சரியாகத்தான் இருக்கும், இதையே முடித்துவிடுவோம் என்றார். நானும் மனதைத் தேற்றிக்கொள்ள ஆரம்பித்துவிட்டேன். எத்தனையோ விஷயங்கள் அந்த வீட்டில் இப்படித்தான் முடிந்திருக்கின்றன, ஒருவர் ஆசையாகச் செய்வார், ஒருவர் சரி என்பார், மதினி சிரிப்பார்.

மதினி அன்று சிரிக்கவில்லை. கோபப்படவும் இல்லை. அக்காவின் பக்கத்தில் போய் உட்கார்ந்துகொண்டார்.

"அக்கா, நீங்க நல்ல மனசோட வச்சீக. அதக் குத்தமாச் சொல்லல. ஆனா நீங்க பொட்டு வச்சதுக்காக எனக்குக் கேக்காத சத்தம் கேட்டுறாதுக்கா. எனக்கு அந்தப் பெரிய ஜோடிதான் வேணும்."

"அம்புட்டு நுணுக்கமாக் கேட்டு என்ன ஆகப் போகுது?" என்றார் அண்ணன்.

"ஒண்ணும் ஆகாது. எனக்குப் பிடிச்சிருக்கு."

அதற்குமேல் காரணம் எதையும் அவர் அடுக்கவில்லை. வகுப்பில் ஆயிரம் தடவை காரணம் சொல்லிப் பழகியவர், அன்று ஒரு வார்த்தையோடு நிறுத்திக்கொண்டார். எனக்கு எழுந்து கைதட்ட வேண்டும் போலிருந்தது. வயதுக்கு ஏற்ற அடக்கத்தோடு தண்ணீர் குடித்தேன்.

அக்கா மனம் கோணாமல் அதை முடித்ததும் மதினிதான். ஸ்பீக்கரின் முன்பக்கத் துணி தனிச் சட்டத்தில் மாட்டியிருந்தது, விரலால் இழுத்தால் கையோடு வந்துவிடும். ரெண்டையும் கழற்றினார். "பொட்டு இதுலதான இருக்கு? இது நம்ம வீட்டுலயே இருக்கட்டும்" என்று சாமி அறைச் சுவரில் சாய்த்து வைத்தார். அப்புறம் மதுரைக்குப் போன் போட்டு, எங்கள் வீட்டில் நடந்ததை ஒளிக்காமல் சொல்லி, பெரிய ஜோடியே வேண்டுமென்றும், சின்னதற்குப் புதுச் சட்டங்களுக்கு ஆவதைத் தானே கொடுத்துவிடுவதாகவும் சொன்னார். மறுமுனையில் கடைக்காரர் சிரித்த சிரிப்பு எங்களுக்கே கேட்டது. இப்படி வைத்தியம் பார்த்தால் எந்த லட்சுமிதான் கோபித்துக்கொள்வாள்? அக்கா சட்டங்களையும் மதினியையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, "டீச்சருன்னா சும்மாவா?" என்று எழுந்து காபி போடப் போனார்.

பெரிய ஜோடி ஒரு சாயங்காலம் சரக்கு ஆட்டோவில் வந்தது. அக்காவும் அதற்காகவே ஒக்கூரிலிருந்து வந்திருந்தார். இந்த முறை பொட்டை மரத்தில் மட்டும், அதுவும் மதினி காட்டிய இடத்தில் வைத்தார். இந்த மாதிரி ரெட்டை ஸ்பீக்கருக்கு அறையில் ஓர் இடம்தான் சரியான இடம், ரெண்டின் ஓசையும் அங்கேதான் சரிசமமாகச் சேரும். மதினி சாக்பீஸால் அந்த இடத்தைக் குறித்து வைத்திருந்தார். அண்ணன் தன்னுடைய சாய்வு நாற்காலியை இழுத்துவந்து சரியாக அங்கேயே போட்டு உட்காரப் போனார்.

"நீங்க கொஞ்சம் அங்குட்டு உக்காருங்க. அந்த இடம் எனக்கு."

அண்ணன் மதினியை ஏறிட்டுப் பார்த்தார். பிறகு நாற்காலியைத் தள்ளிப் போட்டுக்கொண்டார். மதினி ஒரு மர நாற்காலியை அங்கே வைத்து, முந்தானையை இழுத்துச் செருகி உட்கார்ந்தார். நானும் அக்காவும் ஜமுக்காளத்தில். நாகசுரம் இழுத்து நின்றது, மூச்சு வந்தது. எங்கள் வீட்டு ஹாலில், இதோ கைக்கெட்டுகிற தூரத்தில் யாரோ மூச்சு வாங்கினார்கள். மதினி கண்ணை மூடிக்கொண்டார். அந்த முகத்தை அதற்குமுன் நான் பார்த்ததில்லை. இவர் எங்கள் வீட்டு மதினி என்று ஊரைக் கூட்டிச் சொல்ல வேண்டும் போலிருந்தது.

வாசலில் பால்காரர் மணி அடித்தார். எந்த மணி அடித்தாலும் அந்த வீட்டில் முதலில் எழுந்திருப்பவர் மதினி. அன்று அவர் அசையவில்லை. இரண்டாவது மணிக்கு அண்ணன் எழுந்து போனார். பாலை வாங்கிக்கொண்டு அடுப்படிக்குள் நுழைந்தவர், அங்கிருந்தே, "இதக் காய்ச்சுற சட்டி எங்க இருக்கு?" என்று குரல் கொடுத்தார்.

"கத்தாதடா" என்றார் அக்கா. "அவ கேட்டுக்கிட்டு இருக்கா."