சிவப்புக் கொடி ஏறிய புல்மலை

செவ்வாய்க்கிழமை, பொங்கலுக்கு முதல் நாள். காலை ஏழு மணிக்கு அட்டனில் ரயிலேறி, தலவாக்கலையில் இறங்கி, அக்கரப்பத்தனை பஸ்ஸைப் பிடித்தேன். கட்டணம் நாற்பது சதம். கடைவீதியில் இறங்கும்போது மணி பத்தரை. அக்கா வாழ்க்கைப்பட்ட தோட்டத்துக்கு அங்கிருந்து புல்மலை வழியாகக் குறுக்குப் பாதை இரண்டு மைல். ரோட்டைச் சுற்றினால் ஐந்து மைல்.

"மேல பாருங்க தம்பி, கொடி ஏறியிருக்கு. ரோட்டாலதான் போகணும்" என்றார் தேநீர்க்கடை காதர் நானா.

மலையுச்சியில் சிவப்புக் கொடி பறந்தது. பட்டாளத்தார் சுட்டுப் பழகுவதற்காக அந்தப் புல்மலையை எடுத்துக்கொண்டு ஆறு மாதமாகிறது. கொடி பறக்கும் வரை யாரும் அங்கே கால் வைக்கக் கூடாது.

"எனக்கு யாவாரம் குறைவில்ல. பட்டாளத்து லொறி வருது, ரோடும் நல்லாப் போட்டுட்டாங்க. ஒங்க அக்கா கொண்டாற பாலுதான் குறைஞ்சு போச்சு. மாட்டை விக்கப் போறாங்களாமே?"

எனக்குத் தெரியாது. அந்தப் பசுவின் தாய் தந்த பாலை விற்ற காசில் படித்தவன் நான். எங்கள் குடும்பத்தில் கையெழுத்துப் போடத் தெரிந்த முதல் ஆள்.

புது ரோட்டில் நடந்தேன். மலைக்கு அப்பால் படபடவென்று வெடித்தது. கொழுந்து பறிக்கும் பெண்கள் நிமிரவேயில்லை, பழகிவிட்டார்கள். பாலத்தின் மேல் மூன்று இளைஞர்கள் உட்கார்ந்திருந்தார்கள். தோட்டத்தில் வேலைக்குப் பேர் பதியாத பிள்ளைகள். ரோடு போட்டபோது கல்லுடைத்துக் கூலி வாங்கியவர்கள். நேரம் கேட்டேன். ஒருவன் கையைத் திருப்பிக் காட்டிச் சிரித்தான். "வேலை முடிஞ்சு போச்சு சார், வாட்சு மட்டும் ஓடுது."

தொழிலாளர் வீட்டு வரிசையான லயத்தின் வாசலில் அக்கா நின்றாள். "வந்துட்டாரய்யா வாத்தியாரு! மெலிஞ்சு போயிட்டியேடா."

"மாட்டை விக்கப் போறியாமே அக்கா?"

"வேற என்ன செய்றது? நாங்க வேலை முடிஞ்சு எறங்குறப்போ கொடி பறக்குது. கொடி எறங்குறப்போ இருட்டிருது. புல்லுக்கு எங்க போவேன்? வெள்ளிக்கிழமை லிந்துலையில இருந்து ஆள் வருது."

பசு தொழுவத்தில் நின்றது. விலா எலும்பை எண்ணலாம் போலிருந்தது.

இரவுச் சாப்பாட்டின்போது மச்சான், கொடி முதன்முதலாக ஏறிய நாளின் கதையைச் சொன்னார். "மலை உச்சியில கம்பம், செவப்புக் கொடி. நம்ம ஆளுங்களுக்கு என்ன தோணும்? முருகனுக்குக் கொடியேத்திட்டாங்கன்னு தேங்காய், சூடத்தோட கெளம்பிட்டோம். அரோகரா போட்டுக்கிட்டு முன்னால போனது யாரு? ஒங்க அக்காதான்!"

"பேசாம சாப்பிடுங்க" என்றாள் அக்கா.

"பட்டாளத்துக்காரங்க கையை ஆட்டிக்கிட்டு ஓடி வர்றாங்க. வரவேற்குறாங்கன்னு நெனச்சிட்டோம்! நல்லவேளை, சுட ஆரம்பிக்கல. அப்புறம் அவங்களை நடத்துற சார்ஜன் மாத்தியா சிரிச்சிட்டு, தேங்காச் சில்லை வாங்கித் தின்னுட்டுத்தான் எங்களைத் திருப்பி அனுப்பிச்சாரு."

"அவரைப் போய்க் கேட்டால் என்ன?" என்றேன்.

"பட்டாளத்துக்கிட்டப் போயி மாட்டுக்குப் புல்லு கேக்குறதா? சுட்டுருவாங்கடா" என்றாள் அக்கா.

"தேங்காய் தின்னவன் சுடமாட்டான்" என்றார் மச்சான்.

வியாழன், மாட்டுப் பொங்கல். அக்கா அன்று வேலைக்குப் போகவில்லை. பொங்கலைச் சின்னச் சட்டியில் எடுத்துக்கொண்டு இருவரும் பட்டாளத்தாரின் முள்வேலிக் கதவருகே போனோம். சார்ஜன் அக்காவைக் கண்டதும் சிங்களத்தில், "அன்றைக்குத் தேங்காய், இன்றைக்குச் சோறா?" என்றார். எனக்குத் தெரிந்த சிங்களத்தில் மாட்டின் நிலையைச் சொன்னேன். தானும் வெலிமடைப் பக்கத்துக் கமக்காரர் மகன், வயலும் மாடும் பார்த்து வளர்ந்தவன் என்றார்.

"கறவை மாடா, மல்லி?" என்று தம்பி முறை சொல்லிக் கேட்டார். "எத்தனையாவது ஈத்து?"

"ரெண்டாவது" என்றேன். என் பின்னால் நின்ற அக்கா முந்தானையை இறுக்கிப் பிடித்திருந்தாள்.

"என் கையில் இல்லை, பெரியவரைக் கேட்க வேண்டும்" என்று உள்ளே போனார். வெகுநேரம் காத்து நின்றோம். திரும்பி வந்தவர் சொன்னார்: செவ்வாயும் சனியும் நாலரைக்கே கொடியை இறக்குவார்கள். கீழ்ச்சரிவில் மட்டும் அறுக்கலாம். புல்லுக்குள் இரும்புத் துண்டு எது கிடந்தாலும் தொடக் கூடாது. கடைசிச் சொல்லை இரண்டு தரம் சொன்னார்.

அக்கா கும்பிட்டாள். சட்டியை அவர் இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டார்.

வெள்ளிக்கிழமை லிந்துலைக்காரர் வந்தார். தேநீர் குடித்தார். மாட்டை விற்கவில்லை என்று அக்கா சொன்னதும் கயிற்றைத் தொடாமலே போனார்.

சனிக்கிழமை மாலை, கடைசி பஸ்ஸைப் பிடிக்கப் புது ரோட்டில் இறங்கினேன். நேற்றுவரை நம்முடையதாக இருந்த புல்லை இன்று கேட்டு வாங்க வேண்டியிருக்கிறது; அதை மறக்க முடியவில்லை. ஆனாலும் கேட்டவுடன் மாட்டின் ஈத்தை விசாரித்த அந்த மனிதரை நினைத்தால் மனம் குளிர்கிறது.

நாலரைக்கு மலையைத் திரும்பிப் பார்த்தேன். கொடி மெதுவாக இறங்கிக்கொண்டிருந்தது. அட்டன் கோயிலில் கொடி இறங்கினால் ஜனங்கள் கலைந்து வீட்டுக்குப் போவார்கள். இங்கே அரிவாளும் சாக்குமாகப் பெண்கள் கூட்டம் சரிவில் ஏறியது. எல்லாருக்கும் முன்னால் போனவள் என் அக்கா.