தங்கச்சின்னா யாருன்னு கேட்டாக

மயில்துத்தமும் சுண்ணாம்பும் கலந்த வாசனை... அப்பா பக்கத்துல வந்து நின்னாலே அதுதான் முதல்ல வரும். திராட்சைக் கொடிக்கு மருந்தடிச்சிட்டு, எத்தனை தடவை கழுவியும் போகாத நீல விரலோட, உத்தமபாளையம் பிரவுசிங் சென்டர்ல என் நாற்காலிக்குப் பின்னாடி நிப்பார்.

"தேதி நகண்டிருக்காத்தா?"

நான் அப்போ எட்டாவது. மாசம் ஒரு தடவை இந்த வேலை எனக்கு. அமெரிக்க அரசாங்கத்தோட வெப்சைட்ல விசா புல்லட்டின்னு ஒரு அட்டவணை வரும். அதுல எஃப் ஃபோர்னு ஒரு வரிசை... அங்க சிட்டிசன் ஆனவங்க தன் கூடப்பிறந்தவங்களுக்குப் போடுற மனுவெல்லாம் அந்த வரிசைலதான். இந்தியா கட்டத்துல ஒரு தேதி இருக்கும். அந்தத் தேதிக்கு முன்னாடி மனு போட்டவங்களுக்குத்தான் கிரீன் கார்டு பக்கம் கதவு திறக்கும்.

எங்க செல்வி அத்தை நியூஜெர்சில இருந்தாங்க. சிட்டிசன் ஆன கையோட அப்பாவுக்கு மனு போட்டுட்டாங்க, ரசீதும் வந்துருச்சு. அட்டவணைத் தேதி வந்து நம்ம ரசீதுத் தேதியைத் தொடணும், அவ்வளவுதான்.

கேட்க ஈஸியா இருக்குல்ல?

ஒரு மாசம் ஒரு வாரம் நகரும். அடுத்த மாசம் அப்படியே நிக்கும். ஒரு தடவை, சத்தியமா சொல்றேன், தேதி பின்னாடி போயிருந்துச்சு! ரிஃப்ரெஷ் பண்ணிப் பண்ணிப் பார்க்குறேன், அதே தேதி. காலண்டர் எப்படிங்க பின்னாடி போகும்? எனக்கு மண்டை காஞ்சிருச்சு.

அப்பா அசரவே இல்ல.

"மேமடைல ஆள் கூடிருக்கும்த்தா. அவுக பாச்சி முடிச்சாத்தான கடமடைக்குத் தண்ணி வரும். வரும், பொறு."

அப்பாவுக்கு அமெரிக்கா மேல பெரிய ஆசையெல்லாம் கிடையாது. ஒரு டாலர் எத்தனை ரூபாய்னுகூடத் தெரியாது. செல்வி அத்தை இருக்குற ஊர்ல தானும் இருக்கணும். அது ஒண்ணுதான்.

நான் காலேஜ் ரெண்டாவது வருஷம் படிக்கிறப்போ அத்தைகிட்டருந்து ஒரு மெயில். மனுவைப் பார்க்குற ஆபீஸ்ல கூடுதல் ஆதாரம் கேட்டிருக்காங்களாம். ரெண்டு பேரோட பர்த் சர்டிபிகேட்டும் வேணும். அதுல அப்பாவோ அம்மாவோ, ஒருத்தராவது ரெண்டு பேருக்கும் பொதுவா இருக்கணும்.

பீரோல தேடி எடுத்தேன். அப்பாவோடதுல தாத்தா பேரு. அத்தை அனுப்பின ஸ்கேன்ல தாத்தாவோட தம்பி பேரு.

எனக்கு அப்போ பத்தொன்பது வயசு. செல்வி அத்தை அப்பாவுக்குச் சித்தப்பா மகள்ங்கறதே அன்னைக்குத்தான் எனக்குத் தெரியும்!

யாரும் மறைச்சு வைக்கலங்க. சொல்லணும்னு யாருக்கும் தோணல. தாத்தாவும் அவர் தம்பியும் கடைசிவரைக்கும் ஒரே வீடு, ஒரே அடுப்பு. சித்தப்பா மகள்னா தங்கச்சி. நம்ம பேச்சுல அதுக்கு வேற வார்த்தை ஏது? படிவத்துல 'பிரதர்'னு ஒரு கட்டம் இருந்துச்சு, அத்தை டிக் அடிச்சாங்க. பொய் சொல்றோம்னு அவங்க மனசுல துளிகூட இல்ல.

அன்னைக்குப் போன்ல அத்தை அழுதது எனக்கே கேட்டுச்சு.

"தங்கச்சின்னா யாருன்னு கேக்குறாகண்ணே... நான் என்னன்னு சொல்ல?"

விஷயம் தெரிஞ்சு தேனில ஒரு ஆளு வழி சொன்னார். அப்பாவோட சர்டிபிகேட்ல தகப்பன் பேரை மட்டும் மாத்தி வாங்கிட்டா வேலை முடிஞ்சதாம். "ஒரே ஒரு பேருதாண்ணே"ன்னார், ஏதோ கரண்ட் பில்லுக்குப் பேர் மாத்துற மாதிரி.

அப்பா ரெண்டு நாளா தோட்டத்தைவிட்டு வரல. எனக்கு உள்ளுக்குள்ள பயம், சரின்னு சொல்லிருவாரோன்னு. மூணாவது நாள் என் போனை வாங்கி அந்த ஆளைக் கூப்பிட்டார்.

"அவ என் தங்கச்சின்னு காட்டுறதுக்கு நான் எங்கய்யாவ மாத்தணுமாக்கும்? வேணாம்யா, விட்ரு."

மனு தள்ளுபடி ஆகிருச்சு.

இந்த வருஷம் அத்தை மகளுக்கு அங்க கல்யாணம். போயிட்டு வர்ற விசாவுக்கு அப்பாவுக்காக நான்தான் லேப்டாப்ல படிவம் போட்டேன். பழைய மனு பத்திக் கேட்ட இடத்துல உள்ளதை உள்ளபடி எழுதினேன். அடுத்து, அமெரிக்காவுல நெருங்கின உறவு உண்டான்னு ஒரு கேள்வி. கணவன், மனைவி, பிள்ளை, கூடப்பிறந்தவங்க... இதுதான் அவங்க கணக்குல நெருக்கம். 'இல்லை'ன்னு போட்டேன்.

அப்பா கண்ணாடியை ஏத்திவிட்டுக் குனிஞ்சார்.

"இல்லேன்னா போடுற?"

"அடுத்த கேள்வில வேற சொந்தம் உண்டான்னு கேட்கும்ப்பா. அதுல உண்டுன்னு போட்டுரலாம்."

"வேற சொந்தமா...?"

கண்ணாடியைக் கழட்டி மடிச்சு வச்சுட்டார்.

சென்னைல இன்டர்வியூ. நான் வெளிய ரோட்டோரம் காத்துக்கிட்டு நின்னேன். ஒரு மணி நேரத்துல வந்துட்டார்.

"குடுத்துட்டாகத்தா."

நான் குதிச்சுட்டேன். அவர் முகத்துல ஒண்ணுமே இல்ல.

"பழைய மனுவக் கேட்டாக. கூடப்பொறந்த தங்கச்சியான்னு தமிழ்லயே கேட்டாக. இல்லங்க, சித்தப்பா மகதான்னுட்டேன்..." கையிலிருந்த ஃபைலை என்கிட்ட நீட்டினார். "இந்த வயசுல மொதத் தடவ இல்லேன்னு சொல்லிருக்கேன். செல்விகிட்டச் சொல்லிறாத."

நான் இன்னும் சொல்லல.

இப்போ அந்த அட்டவணை போன்லயே வருது. பிரவுசிங் சென்டர் போக வேண்டியதில்ல. எங்களுக்கு அந்த வரிசைல ஒண்ணும் இல்ல, ஆனாலும் சும்மா ஒரு ஆர்வத்துல திறந்து பார்ப்பேன். யாரோட அண்ணன் எந்த ஊர்ல காத்திருக்காரோன்னு தோணும்.

போன வாரம் ஸ்கூல் விழால முறைக்கு இவளுக்கு அண்ணனாகுற எங்க அக்கா மகனை டீச்சர்கிட்ட இழுத்துட்டுப் போய், "மை கஸின், மிஸ்"னு சொன்னா என் மகள். டீச்சர் டக்குனு தலையாட்டினாங்க. விளக்கம் கேட்கல.

இவ நாளைக்கு எந்த நாட்டுப் படிவத்தை நிரப்பினாலும் சரியான கட்டத்துலதான் டிக் அடிப்பா. செல்வி அத்தைக்குக் கிடைச்ச மாதிரி ஒரு அண்ணன் மட்டும் இவளுக்கு இருப்பானா?