செவ்வாய்க்கிழமை மாத்திரை

வீடு வீடாகப் போய்ப் பார்க்கும் அந்த நர்சுக்குத் தெருக்களில் 'அதட்டல்' என்றுதான் பெயர். "அதட்டல் வருது" என்று முதல் வீட்டில் குரல் கேட்டால் போதும், கடைசி வீடு வரைக்கும் தண்ணீர்ப் பானைகளுக்கு மூடி விழும், குழந்தைகளுக்கு மூக்கு துடைக்கப்படும். அது அவள் காதிலும் விழாமல் இல்லை. பயம் இருந்தால்தானே மருந்து உள்ளே போகும் என்று நினைத்துக்கொள்வாள். வாய்தான் அப்படி, கை பஞ்சு. அவள் ஊசி போட்டு அழுத குழந்தைகள் குறைவு.

செவ்வாய்க்கிழமை என்றால் தையல்காரர் இருக்கும் தெரு. அவருக்கு ரத்தக்கொதிப்பு. அவருடைய அண்ணன் அதே நோயில், கத்தரியைக் கையில் பிடித்தபடி சரிந்து செத்தவர். அன்று நாடி பிடித்துப் பார்த்து, இல்லை என்று சொன்னவள் இவள்தான். தம்பியையாவது விடக் கூடாது என்று அவளுக்கு ஒரு பிடிவாதம்.

ஒருமுறை அவர் தயங்கித் தயங்கிச் சொன்னார். "இந்த மாத்திரை போட்டா தலை கிறுகிறுன்னு வருதும்மா. மெஷின்ல உக்கார முடியல."

"உங்க அண்ணனும் இதையேதான் சொன்னாரு. இப்ப எங்க இருக்காரு?" என்று ஒரே போடாகப் போட்டாள். டாக்டரிடம் சொல்லி வேறு மாத்திரை கேட்டிருக்கலாம். அன்று அது அவளுக்குத் தோன்றவில்லை. அவர் சிரித்து மழுப்பிவிட்டார்.

அதற்குப் பிறகு ஒவ்வொரு செவ்வாயும் ரத்த அழுத்த அளவு கச்சிதமாக இருந்தது. கையிலிருந்து பட்டையை அவிழ்க்கும்போது அவளுக்கு வாயெல்லாம் பல். "இவரைப் பாத்துக் கத்துக்கங்க" என்று தெருவுக்கே கேட்கும்படி சொல்வாள். மனுஷர் கூச்சத்தில் ஊசியில் நூல் கோக்கத் தொடங்கிவிடுவார்.

ஒரு சனிக்கிழமை மெஷின் மேலேயே சாய்ந்தார். உயிர் தப்பியது. வலது கையும் பேச்சும் போய்விட்டன.

ஆஸ்பத்திரியிலிருந்து அவரைக் கொண்டுவந்த அன்றே அவள் ஓடினாள். அவர் ஜன்னலோரக் கட்டிலில் கிடந்தார். அவர் மனைவி, பாதி தைத்த துணிகளைத் திருப்பிக் கொடுப்பதற்காக மடித்துக்கொண்டிருந்தாள்.

"மாத்திரை ஒழுங்காத்தானே போட்டாரு அண்ணி? அளவெல்லாம் சரியா இருந்துச்சே."

"செவ்வாய்க்கிழமை போட்டுக்குவாரு. விடிஞ்சதும் ரெண்டா."

"மத்த நாள்ல?"

"மத்த நாள்ல வேலை பாக்கணுமே."

நர்சு முக்காலியில் உட்கார்ந்துவிட்டாள். சொன்ன நாளில் தப்பாமல் வருவது அவளுடைய பெருமை. அந்தப் பெருமைதான் அவரை ஏமாற்ற விட்டிருக்கிறது.

"என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே" என்றாள்.

"சொல்லத்தான் நினைச்சேன். 'அந்தப் பொண்ணு வெயில்ல அலைஞ்சு வருது, நம்ம வீட்லதான் சிரிக்குது, அதைக் கெடுக்காதே'ன்னு தடுத்துட்டாரு."

கட்டிலிலிருந்து ஒரு குழறல் வந்தது. தையல்காரர் இடது கையை மனைவியைப் பார்த்துப் பதற்றமாக ஆட்டினார்.

"இப்பவும் சொல்லாதேங்குறாரு" என்றாள் அவள், துணியை மடித்தபடி. "பேச்சு போனதாலதான் என்னால சொல்ல முடிஞ்சுது."