யானைக்கு முதுகைக் காட்டி நின்றவர்

அந்தத் தசரா ஊர்வலத்தில் யானைக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நின்ற ஒரே மனிதர் அவர்தான். பெருத்த தலைப்பாகை, வெளுத்துப்போன கோட்டு, ஆஸ்பத்திரி கம்பவுண்டர். யார் முகம் வெளிறுகிறது, யாருக்கு வியர்த்துக் கொட்டுகிறது என்று கூட்டத்தையே பார்த்துக்கொண்டு நடப்பார்.

ரயில்வே வேலைக்காக நான் மைசூருக்கு வந்த முதல் வருஷம் அது. இடம் பிடிக்க விடியலிலேயே வெறும் வயிற்றோடு வந்தவன், மத்தியான வெயில்வரை நின்றேன். அம்பாரி தூரத்தில் தெரிந்தபோது கண் இருட்டிக்கொண்டு வந்தது.

நினைவு திரும்பியபோது தரையில் கிடந்தேன். என் கால்கள் அவர் மடிமேல் இருந்தன.

"மகாராஜா வர்றார், இவரைத் தூக்கி நிறுத்துங்க!" என்று சுற்றி நின்றவர்கள் பதறினார்கள்.

"நிறுத்தினா மறுபடி விழுவார். மகாராஜா ஒண்ணும் கோவிச்சுக்க மாட்டார். தள்ளி நில்லுங்க, காத்து வரட்டும்" என்றார் அவர். பிறகு என்னிடம் குனிந்து, "ஊட்டா ஆச்சா? காலையில சாப்பிட்டீங்களா?" என்றார்.

அந்த ஊரில் அதுவரை என்னை அப்படி ஒருவரும் கேட்டதில்லை. இல்லையென்று தலையசைத்தேன்.

"கூட யார் வந்திருக்காங்க?"

அதற்கும் அப்படியே தலையசைத்தேன். அம்பாரி கடந்து போகும்வரை அவர் என் கால்களை இறக்கவில்லை.

மறு வருஷம் வயிறாரச் சாப்பிட்டுவிட்டு அதே இடத்தில் போய் நின்றேன். அவர் வந்தார். என் முகத்தை உற்றுப் பார்த்தார். தெளிவாக இருந்தது போலும். அடுத்த முகத்துக்குப் போய்விட்டார்.

சாப்பிடாமல் வந்திருக்கலாமோ என்று தோன்றியது.